மாப்புக்கு மாப்பு

முதலமடை மாங்காய் லாரி டிரைவர் காளிச்சாமிக்குப் போதைத் தூளைப் பழக்கிவிட்டவன் தங்கை புருஷன் திருமூர்த்தி. மலையாள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டில் லாரியை மறித்தபோது, தன் பொட்டலத்தை மச்சானின் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, "எனக்கொண்ணுந் தெரியாதுங்க சார்" என்று இறங்கி நின்றவனும் அவனே. மாப்பிள்ளை வெளியே, மச்சான் உள்ளே.

ஜெயிலில் தூள் விட்டுப்போயிற்று. திருமூர்த்தி மேலிருந்த ஆத்திரம் விட்டுப்போகவில்லை. வெளியே போனதும் அவன் பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பது என்றிருந்தான் காளிச்சாமி. ஆனால் பரோல் வேண்டுமானால் மனம் திருந்த வேண்டுமாம். அதற்காக ஒரு சாமியார் வந்து மூச்சுப்பயிற்சி நடத்தினார். அது போதாதென்று ஜெயிலில் கவுன்சலிங் கொடுக்கும் அம்ருதா, யார் மேல் கோபம் என்று விசாரித்து, தங்கையின் கல்யாணப் போட்டோவை வரவழைத்து, ஒரு வி.ஆர். கண்ணாடியைத் தலையில் மாட்டினாள். உள்ளே ஆறு, ஆலமரம், புல்லாங்குழல். மரத்தடியில் கைகூப்பி நின்றான் திருமூர்த்தி. விஞ்ஞானம் இவ்வளவு கருணை காட்டும் என்று காளிச்சாமி எதிர்பார்க்கவில்லை.

"மாப்பு கொடுக்கூ, காளிச்சாமீ," என்றாள் அம்ருதா.

மலையாளத்தில் அது மன்னிப்பு. காளிச்சாமியின் ஊரில் மாப்பிள்ளையைக் கூப்பிடும் செல்லப்பேர். பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிறவனுக்கு அந்த நேரம் பார்த்து ஒன்று மறந்துபோயிற்று. கொடுத்தான் ஒரு குத்து. கண்ணாடிக்குள் திருமூர்த்தியின் மூக்கில் பட்டது. வெளியே எதிரில் நின்ற சாமியாரின் தாடையில் விழுந்தது.

"எண்டம்மே!" மூச்சுப்பயிற்சி சாமியாருக்கே மூச்சு வாங்கியது.

"மேடந்தானுங்க மாப்புக்குக் குடுக்கச் சொன்னீங்க?"

மறுநாள் அம்ருதா தன் கல்பாத்தி அக்ரஹாரத் தமிழுக்கு இறங்கிவந்தாள். "மன்னிச்சுட்டேன்னு மனசார ஒரு வார்த்தை சொல்லுங்கோ. உடனே பரோலுக்கு எழுதிடறேன்."

காளிச்சாமி யோசித்தான். வெளியே போனால் திருமூர்த்தி பல்லிளிப்பான். கை ஓங்கினால் தங்கை குறுக்கே விழுவாள். மீறி அடித்தால் திரும்பவும் ஜெயில். இங்கேயோ கேஸில்லை, அழுகையில்லை. அடி வாங்கியவன் மறுநாளும் மூக்கு உடையாமல் கைகூப்பிக்கொண்டு வந்து நிற்பான்.

"பொய் சொல்லக் கூடாதுங்க மேடம். ஆத்திரம் இன்னும் அப்படியேதான் இருக்குது. கொணமாகிற வரைக்கும் தெனமும் மாட்டி உடுங்க."

சொல்லிவிட்டு எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். சாமியார் தன் நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.