அவர் காதுக்கு எட்டியது

என் கணவரின் காதில் ஒரு கோளாறும் இல்லை. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மண்டியில் அவருக்கு வேலை. தெருக்கோடியில் யாராவது மல்லாட்டை விலையைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், வீட்டுக்குள்ளிருந்தே பதில் சொல்வார். ஆனால் எதிரிலேயே நின்று, எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் "உம்" என்பார். மறுநாள் "நீ சொல்லவே இல்லியே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுபதுகளின் நடுவில் ஓர் அமாவாசை. மேல்மலையனூர் போவதற்காக, மூன்று வயது மகளோடு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். ஸ்பெஷல் பஸ் வந்து நின்றதும் எல்லோரும் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். இவர் துண்டுக்குப் பதில் பிள்ளையையே தூக்கி உள்ளே உட்காரவைத்தார். "நீ ஏறு, தோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு முன்னால் நின்றிருந்த ஒரு வியாபாரியிடம் பேசப் போய்விட்டார். வேறென்ன, மல்லாட்டைதான்.

எனக்குப் படியில் கால் வைக்கக்கூட வழி கிடைக்கவில்லை. கூட்டம் என்னைப் பின்னால் தள்ளிவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். உள்ளே என் பிள்ளை தனியாக.

"ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். யார் யாருடைய கணவன்மாரோ திரும்பிப் பார்த்தார்கள். இவர் திரும்பவில்லை. "பாப்பா நைனா!" என்றேன். அதற்கும் அசையவில்லை. பஸ் நகரத் தொடங்கியது. கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத அவர் பெயரை, அத்தனை ஊர் ஜனத்துக்கு நடுவே, தொண்டை கிழியக் கூவினேன்.

சட்டென்று திரும்பினார். நான் கையைக் காட்டியதும் ஓடிப்போய் பஸ்ஸின் தகரத்தில் அடித்து நிறுத்தினார். கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு இருவரும் ஏறினோம்.

பின்னாளில் ஆசிரியர் பயிற்சியில் மனோதத்துவம் நடத்தினார்கள். மனம் ஒன்றில் ஊன்றியிருக்கும்போது மற்ற சத்தங்களையெல்லாம் வெளியே நிறுத்திவிடுமாம். சொந்தப் பெயருக்கு மட்டும் பெரும்பாலும் கதவைத் திறந்துவிடுமாம். வகுப்பில் எல்லோரும் வியந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அன்று பஸ்ஸில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி அப்படி. "நாலு பேரு எதிர்ல பேரைச் சொல்லிட்டியே, அறிவு இருக்குதா?"

"எத்தினி தடவை ஏங்கன்னு கத்துனேன்!"

"என் காதுல விழலியே."

என் மடியிலிருந்த மகள் விசும்பிக்கொண்டே சொன்னாள். "நானும் நைனா நைனான்னு கூப்டேன்."

அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. குனிந்து பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டார். "மெய்யாலுமே விழலம்மா" என்றார்.

மேல்மலையனூர் போய்ச் சேர்வதற்குள் அவள் நைனாவின் பெயரை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிள்ளையைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.