கூப்பிட்டது நான்தானாம்

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். தெரிந்தவர்கள் யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்று மாலை டியூஷன் முடிந்து பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் சந்துக்குள் திரும்பினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி புதிதாக வாங்கிய பெரிய நாய் நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. ஆன்ட்டி அதன் செயினைக் கழற்றித் தன் கையில் சுற்றிக்கொண்டு, கேட் அருகே போன் பேசிக்கொண்டிருந்தார்.

சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "போ! போ!" என்றேன்.

அது வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தது.

இன்னும் சத்தமாக "போ! போ!" என்று கத்தினேன். அது முன்னங்கால் இரண்டையும் தூக்கி என் தோளில் வைத்தது. நான் அழுதுவிட்டேன்.

ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "நீயே பேர் சொல்லிக் கூப்டுட்டு நீயே அழறியே! அது பேரே 'போபோ'தாம்மா. ஏனு மாடல்ல, ஒண்ணும் செய்யாது."

"செயினை மாட்டுங்க ஆன்ட்டி."

"மாட்டினா அது அழும்மா, பாவம்."

"நானும்தான் அழறேன் ஆன்ட்டி."

சிரிப்பு நின்றது. ஆன்ட்டி செயினை மாட்டி நாயை உள்ளே அழைத்துப் போனார். நாளைக்கும் மாட்டுவாரா என்று தெரியவில்லை.

அதன் கால் சேறு பட்ட யூனிபார்மை நானே துவைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் டியூஷனை நிறுத்திவிடுவாள். அது இல்லாமல் நான் கணக்கில் பாஸாக முடியாது.

உங்கள் தெருவில் எப்படி? நாயைக் கட்டிப்போடுகிறார்களா, இல்லை நாய்க்குப் பயப்படுகிற பெண்ணையா?