வலிக்காத நெறி

சளி என்று வருபவரிடமும் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டச் சொல்கிறேன். சிலர் சிரிப்பார்கள். உப்பள மேஸ்திரி ஒருவரால் எனக்கு வந்த பழக்கம் இது.

சாயல்குடிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவராக இருந்தபோது, தொடையிடுக்கில் படர்தாமரை என்று அவர் வந்தார். நாளெல்லாம் ஈர வேட்டியோடு நிற்பவர்களுக்கு அது சாதாரணம். மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசிப் பூசி, வட்டம் கலைந்து கண்டபடி பரவியிருந்தது. அவர் கட்டிலை விட்டு இறங்கும்போதுதான் குதிகால் ஓரத்தில் அந்தக் கறுப்பைப் பார்த்தேன்.

“கருவேல முள்ளு, டாக்டரம்மா. போன வருசம் குத்துனது. ஒடிஞ்சு உள்ளயே நின்னுபோச்சு.”

மறுபடி படுக்கச் சொன்னேன். முள் குத்திய கறை நாளாக ஆக மங்கும். இது வளர்ந்திருந்தது. ஓரங்கள் கோணல்மாணலாக நீண்டிருந்தன; ஓரிடம் காப்பி நிறம், ஓரிடம் தார்க் கறுப்பு. அந்தக் கால் பக்கத் தொடையிடுக்கைத் தொட்டேன். புளியங்கொட்டை போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. அழுத்தினேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

“நெறிதான். முள்ளுக் குத்துனா கட்டத்தானே செய்யும்?” என்றார்.

முள்ளால் கட்டும் நெறி வலிக்கும். இது வலிக்கவில்லை.

தோலில் வரும் புற்றாக இருக்கலாம், உடனே மதுரைக்குப் போங்கள் என்றேன்.

“மழைக்கு முன்னால உப்ப வாரிறணும். வாரி முடிச்சிட்டுப் போறேன்.”

அடுத்த வாரம் நானே உப்பளத்துக்குப் போனேன். வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவில், அந்தக் காலை உப்புநீரில் ஊன்றியபடி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். அதே பதில். “நாஞ் சொல்லியா கேக்கப் போறாக?” என்றார், பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அவர் மனைவி. கிழக்கே மேகம் திரண்டிருந்தது. அந்த ஊரே பயந்த மழையை, சீக்கிரம் வா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

மழை வந்தது. மதுரையில் கறுப்பை ஆழமாக வெட்டினார்கள், நெறியையும் எடுத்தார்கள். அதற்குள் புற்று நுரையீரலுக்குப் போயிருந்தது.

ஊன்றுகோலுடன் என்னைப் பார்க்க வந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க சொன்ன அன்னைக்கே போயிருந்தா பொழச்சிருப்பேனா? உள்ளதச் சொல்லுங்க.”

“தெரியல. அன்னைக்கே நெறி கட்டியிருந்துச்சு.”

“அப்ப அந்த உப்பு வாரினது எனக்கு லாபந்தான்” என்றார்.

அவர் மனைவி எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த உப்பு விளைந்தபோது, அந்தப் பாத்திகளுக்கு வேறொருவர் மேஸ்திரியாக இருந்தார்.