ஆரஞ்சு பன்னும் அடைத்த ஜன்னல்களும்

இன்று பன்னுக்காக ஆரஞ்சுத் தோலைத் துருவினேன். மேல்தோல் மட்டும் போதும், உள்ளேயுள்ள வெள்ளை கசக்கும். இது தெரியாதவர்களுக்கு ஓவன் விற்பதே தவறு. அந்த மணம் என்னை, ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த, இப்போது அடுக்குமாடியாகிவிட்ட எங்கள் பழைய வீட்டுக்கு இழுத்துப்போனது. அங்கே மணல் பரப்பிய தேக்சாப் பாத்திரத்துக்குள் தட்டை வைத்து, மூடிமேல் தணலைக் கொட்டி, சர்க்கரையும் ஆரஞ்சுத் துருவலும் வைத்துச் சுருட்டிய பன்களை அம்மா சுடுவாள்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த சென்னைக்காரர்கள், தொழிற்சாலை நாற்றம் தாங்காமல் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருந்தார்கள். அதனால் பேரணாம்பட்டு வரன் வந்த அன்று, அம்மா ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டுக் காலையிலிருந்தே பன் சுட்டாள். அந்த ஊரிலும் தோல்தான் பதனிடுகிறார்கள் என்பது பதற்றத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்ததும் முந்தானையால் மூக்கை மூடினார். அக்காவின் முகம் செத்துப்போனது.

"இன்னாங்க, வூடு பூரா இப்டி ஆரஞ்சு வாசனை? தல சுத்துது. ஜன்னலத் தெறங்களேன்."

அப்பா ஒன்றைத் திறந்தார். தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றம் உள்ளே வந்தது. அந்த அம்மாள் ஆழமாக மூச்சை இழுத்துவிட்டார்.

"அப்பாடா! இப்பத்தான் நம்ம வூடு மாதிரி கீது. வாம்மா, எம்பக்கத்துல வந்து குந்து."

அம்மா மற்ற ஜன்னல்களையும் திறந்தாள்.