பாய்லர் அடுப்பும் மூடக் கூடாத குழாயும்

தீயையும் தண்ணீரையும் ஒரே பெட்டிக்குள் சண்டையில்லாமல் குடித்தனம் வைப்பதுதான் என் தொழில். விறகடுப்புக்குப் பின்னால் இரும்புத் தண்ணீர்ப் பெட்டியை வைத்து வெல்டு அடித்து, சமைக்கிற சூட்டிலேயே குளியலறைக்கு வெந்நீர் போக வழி செய்வேன். பட்டறை ராஜபாளையத்தில். இந்த வெயில் ஊரில் வெந்நீர் யாருக்கு வேண்டும் என்பவர்கள், மார்கழியில் மலையடிவாரத்து வீட்டில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும். தோப்பு உள்ள வீடுகளில் மட்டைக்கும் விறகுக்கும் பஞ்சமில்லை.

நான் போட்ட அடுப்பால் இதுவரை ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. என் சொத்து அது ஒன்றுதான். ஒரு வீட்டில் ஒரு பெட்டி வெடித்தாலும் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். மோட்டாரோடும் மேல்தொட்டியோடும் மல்லுக்கட்டுகிற உங்களுக்கு என் கவலை புரியும்.

மூலைக்கு மூலை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாத்திரக்கடைக்காரர் வீடு. வாஸ்துப்படி அடுப்பு தென்கிழக்கே அக்கினி மூலையில், மேல்தொட்டி தென்மேற்கே கன்னி மூலையில். இரண்டுக்கும் நடுவில் முழு ஹால். வெந்நீர்க் குழாய் மேல்நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் தொய்ந்தால் காற்று அடைத்துக்கொள்ளும். அதனால் ஹால் சுவரில் குழாயைச் சாய்வாக ஏற்றினேன்.

கடைக்காரருக்கு முகம் சுருங்கிப்போனது. மட்டப்பலகையை எடுத்து வந்து வைத்துப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுநாள் காலை வெந்நீரில் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து சொன்னார்: "குழாய் கோணல்தாம்ப்பா. வர்ற விருந்தாளிகிட்ட, அது டிசைன்னு சொல்லிக்கிடுதேன்."

சைக்கிள் டியூப்

பெட்டியிலிருந்து ஒரு குழாய் மொட்டைமாடி வரை போய் வாய் திறந்தபடி நிற்கும். ஆவி வெளியேற அது ஒன்றுதான் வழி. அதற்கு மூடியும் கூடாது, வால்வும் கூடாது. வன்னியம்பட்டியில் ஒரு விவசாயி, அதில் தண்ணீர் சொட்டுகிறது என்று சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டிவிட்டார். நம் ஊரில் எது ஒழுகினாலும் முதலில் கை போவது டியூபுக்குத்தானே! "அடுப்பு உறுமுது" என்று போன் வந்தது. "அடுப்புப் பக்கமே போகாதீங்க, எல்லாரும் வெளியே வாங்க" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

நான் போவதற்குள் டியூபே பிய்த்துக்கொண்டு பறந்திருந்தது. நல்லவேளை, அது பழைய டியூப். ஆத்திரம் தீர அவரைத் திட்டினேன். அவர் மனைவிதான் ஒரே வரியில் முடித்து வைத்தார்: "பொங்குற பானை வாய யாராச்சும் கட்டுவாகளா? இவுக கட்டுவாக!"

யாரிடம் சொல்வது?

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி முதலாளி ஒருவர். "விவரமெல்லாம் என்கிட்ட சொல்லு" என்றார். நான் எப்போதும் தினமும் தீ மூட்டுகிறவரிடம்தான் அடுப்பை ஒப்படைப்பேன். அந்த வீட்டில் அது அவர் மனைவி பேச்சியம்மாள். குழாயில் தண்ணீர் வராமல் புஸ்ஸென்று காற்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விறகை வெளியே இழுக்க வேண்டும், பெட்டி ஆறும்வரை உள்ளே தண்ணீர் விடக் கூடாது என்று அவர் பிசகாமல் சொன்ன பிறகுதான் தீப்பெட்டியைக் கையில் கொடுத்தேன்.

முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை: "பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இம்புட்டுக் கேள்வி கேக்கலயே!"

வெறும் பெட்டி

போன ஐப்பசியில் அந்த வீட்டு மோட்டார் கருகி, மேல்தொட்டி வறண்டிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. அடுப்பு எரிய எரிய, பெட்டியில் இருந்த தண்ணீரும் ஆவியாகிப் போய்விட்டது. குழாயைத் திறந்தால் வெறும் காற்று. முதலாளி பதறி, பக்கத்து வீட்டு ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு தொட்டியை நிரப்ப மாடிக்கு ஓடப் பார்த்தார். பழுக்கக் காய்ந்த இரும்பில் அந்தத் தண்ணீர் இறங்கியிருந்தால், நொடியில் ஆவியாகிப் பெட்டி வெடித்து அடுப்பங்கரையே இருந்திருக்காது.

பேச்சியம்மாள் விறகை இழுத்து வாசல் மணலில் போட்டுவிட்டு, இடுக்கியும் கையுமாக மாடிப்படியில் குறுக்கே நின்றிருக்கிறார். "ஒரு சொட்டு எறங்குச்சு, பொறவு இந்த வீட்டுல எனக்குச் சோலியில்ல" என்று அவர் போட்ட சத்தத்தில் ஓஸ் கீழே விழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது பெட்டியின் வயிறு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஆறிய பிறகு தண்ணீர் விட்டுச் சோதித்தேன். ஒரு வெல்டுகூடப் பிரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமையில்தான். "பாத்தீங்களா, நம்ம பட்டறை வேலை!" என்று மார்தட்டினேன்.

பேச்சியம்மாள் இடுக்கியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அடுப்பச் செஞ்சது நீங்க, வீட்டக் காப்பாத்துனது நான். பட்டறை போர்டுல என் பேரையும் எழுதுங்க அண்ணாச்சி."

என் பெயரைக் கொஞ்சம் சின்னதாக எழுதினால் இடம் இருக்கும் என்கிறார் பெயின்டர். தொழில் பெருமைக்கும் அந்த அளவு எழுத்துதான் சரி போலிருக்கிறது.