சத்தம் நிறுத்திய கருவி

எங்கள் பள்ளிக்கூட அதிபரை எனக்குப் பிடிக்காது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வகுப்பறைக் காற்றில் புகையோ நச்சு வாயுவோ கூடினால் கத்துகிற கருவி ஒன்றைக் கனடாவிலிருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பியிருந்தார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்று அதை என் தலையில் கட்டினார்கள். என் வகுப்பில் பின்பக்க யன்னலோரம் மாட்டினேன். அந்த யன்னலுக்கு வெளியேதான் பள்ளிக்கூடக் குப்பையை எரிப்பார்கள். பொலித்தீன், சாப்பாட்டுப் பெட்டி, முடிந்த பேனை எல்லாம் காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு எரியும்.

எங்கள் ஆட்களுக்குப் புதுச் சாமானைச் சும்மா தொடங்கத் தெரியாது. கருவிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டார்கள். அதிபர் கற்பூரத் தட்டை அதற்கு நேரே பிடித்து மூன்று முறை சுற்றினார். புகையைப் பிடிக்கிற கருவிக்குப் புகை காட்டினால் அது வேறென்ன செய்யும்? கத்தியது.

"நல்ல காரியத்திலை உதென்ன அபசகுனம்! நிப்பாட்டுங்கோ ரீச்சர்," என்றார்.

நிறுத்தினேன். மறுநாள் சத்தத்தைத் திரும்பப் போடப் போனபோது மறித்தார்.

"வேண்டாம். கல்விக் கந்தோர் ஆக்கள் பார்வையிட வரேக்கை கத்தினால் எனக்கெல்லோ வெட்கம். சிவப்பு லைற் எரியுந்தானே, பாத்துக்கொள்ளுங்கோ."

கரும்பலகையில் எழுதுகிறவளுக்கு முதுகிலா கண் இருக்கிறது? கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் உரும்பிராயிலிருந்து ஒரு தாய் மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு மூச்சு இழுக்கும் முட்டு வருத்தம். "அந்த மெஷின் இருக்கிற வகுப்பிலை விடுங்கோ சேர், எனக்கு நிம்மதி," என்று கேட்டார். அதிபர் பெருமையோடு தலையாட்டினார். நான் பிள்ளையைக் கருவிக்குக் கீழேயே இருத்தினேன்.

சோளகக் காற்றுத் தொடங்கிய நாளில் புகை முழுவதும் உள்ளே திரும்பியது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கத்த, நான் திரும்பினால், அவள் மேசையில் முகம் குப்புறக் கிடக்கிறாள். மேலே காய்ந்த சந்தனத்துக்கு நடுவில் சிவப்பு லைற் எரிகிறது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்தாள்.

மறுநாள் தாய் வந்தார். அதிபர் கதிரையை விட்டு எழும்பவுமில்லை.

"மெஷின் வடிவா வேலை செய்யுது அம்மா. உங்கடை பிள்ளைதான் ஏலாத பிள்ளை."

அந்த வாயில் ஓர் அறை விட வேண்டும் போல் எனக்கு இருந்தது.

"அது கத்தேல்லை அம்மா," என்றேன். "சேர் சொல்லித்தான், ஆனால் சத்தத்தை நிப்பாட்டினது நான்."

அவர் அதிபரைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தெரிஞ்சுகொண்டோ ரீச்சர் என்ரை பிள்ளையை அதுக்குக் கீழை இருத்தினனீங்கள்?"