இரண்டு அங்குலம் கூடிய பெட்டி

“…பதினெட்டு ஆகாதுங்க டீச்சர். அதான் இருபதாக்கிட்டேன். ஒங்க நல்லதுக்குத்தேன்.”

முத்தையா ஆசாரி இதைச் சொன்னதும், வள்ளிக்கண்ணு டீச்சர் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரப்பெட்டி இரண்டு அங்குலம் உயர்ந்தால் என்ன குடிமுழுகிவிடும்?

டீச்சர் எனக்குப் பக்கத்து வீடு. காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் பௌதிகம் நடத்துகிறார். ஆகாயத்திலிருந்து ஏதோ துகள்கள் ஓயாமல் பெய்கின்றனவாம் — காஸ்மிக் கதிர். கூரை, நீங்கள், நான்… எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகின்றனவாம். ஈயத்துக்குள் புகுந்தால் அவை எவ்வளவு சக்தியை இழக்கின்றன என்று அளப்பதுதான் அவர் ஆராய்ச்சி.

மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். இரண்டையும் தாண்டும் துகளை மெஷின் எண்ணும். நடுவில் ஈயத் தகடுகள். சக்தி தீர்ந்த துகள் ஈயத்திலேயே நின்றுவிடும், எண்ணிக்கை குறையும். ஈயம் இல்லாமல் பதினெட்டு அங்குலப் பழைய தகரச் சட்டத்தில் முதலில் எண்ணியாயிற்று. ஈயத்தின் கனத்தை அது தாங்காதே… அதே உயரத்தில் தேக்கில் பெட்டி செய்ய நாச்சியாபுரத்து ஆசாரியைக் கூட்டி வந்தவன் நான்.

அந்தப் பெட்டியில் ஈயத்தை அடுக்கி டீச்சர் மூன்று வாரம் எண்ணினார். புத்தகம் சொல்வதைவிட எண்ணிக்கை ரொம்பவே குறைந்தது. ஈயம் அத்தனையையும் விழுங்கிவிட்டதா? மெஷின் கெட்டதா? புதன்கிழமை மதுரையிலிருந்து பேராசிரியர் வருகிறார். கணக்கு உதைத்தால், இரவல் கொடுத்த மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆராய்ச்சி அத்தோடு சரி. ஞாயிறு காலை பெட்டியை அளந்து பார்த்த டீச்சர், ஆசாரியோடு என்னையும் ஆய்வகத்துக்கு வரச்சொன்னது அதனால்தான்.

“குழாய் தள்ளிப் போனாலே ரெண்டையும் தாண்டுறது கொறஞ்சுரும், ஆசாரியாரே. நான் ஈயத்து மேல பழியப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.”

“அறுத்துரலாம் டீச்சர். ஆனா மனையடி சாஸ்திரத்துல பதினெட்டு ஆகாது. அதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க.”

“மனையடி வீட்டுக்குத்தானே? இது வெறும் பெட்டி,” என்றேன்.

“ஈயம் குடியிருக்குல்ல, அண்ணே?”

இதை உடனே சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டேன். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அறுக்க வேணாம். ஈயத்த எடுத்துட்டு, இதே பெட்டியில வெறுமனே எண்ணிப் பாக்குறேன். ரெண்டு நாள் போதும்.”

உயரம் ஒன்றாகிவிட்டால், மிச்ச வித்தியாசம் ஈயத்தினுடையதாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் வீட்டிலும் நாம் இதைத்தானே செய்கிறோம்? அரிசியையும் மாற்றுவோம், பானையையும் மாற்றுவோம். சோறு குழைந்தால் அரிசிக்காரனைத் திட்டுவோம்.

ஆசாரி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தகடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். மெஷின் டிக்… டிக்… என்று எண்ணத் தொடங்கியது. டீச்சர் நோட்டும் கையுமாக ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆசாரி அடிக்கோலை எடுத்து ஸ்டூலின் உயரத்தை அளந்தார்.

பதினெட்டு.

“டீச்சர், கொஞ்சம் எந்திரிக்கிறீகளா?” என்றவர், ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, காலுக்கு இரண்டு அங்குலக் கட்டை தேட ஆரம்பித்தார்.